ஏரியில் துடுப்பு, கரையில் பம்பை: வாசகர் கேள்வி–பதில்

காணும் பொங்கலை ஒட்டி ஊர் ஏரியில் பரிசலும் கயாக்கும் (ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடுகிற குறுகலான படகு) இறக்கி, கரையில் பம்பை (இடுப்பில் கட்டி வாசிக்கிற இரட்டை மேளம்), பறை வாசிக்கிற நம் பக்கத்து மேளக்காரர்களை வைத்து ஒரு நாள் கூடலாமா என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். படகு, தண்ணீர் பற்றியும் தோல்வாத்தியம் பற்றியும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

எந்த ஏரி, எந்த மாதம்? காவேரிப்பாக்கம் ஏரியில் வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள்.
— வாசகர், வாலாஜாபேட்டை

கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகத் துடுப்பு பிடிக்கிற ஐம்பது பேருக்கு அது ஏற்ற தண்ணீர் இல்லை. பல்லவர் காலத்து ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பில்லாத பரப்பு. காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை உயரும். கரையில் நிற்கும்போது சிலுசிலு என்று தெரிகிற அதே காற்று, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்ச் சேரும்போது பரிசலுக்குள் தண்ணீர் தெறிக்கிற அளவுக்கு அலையைக் கிளப்பிவிடும். முதல் வருடத்துக்கு ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் காதில் விழுகிற ஏரி போதும். நீளம் 400, 500 மீட்டர், பக்கவாட்டில் மரமோ மேடோ இருந்து காற்றை மறைத்தால் இன்னும் நல்லது.

மாதம்: தை முதல் மாசி பாதி வரை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், எந்த நேரமும் கோடி (ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்) போகலாம். ஏரி கோடி போகும் நாட்களில் படகை நினைக்கவே வேண்டாம். கோடியின் மேல் வழிகிற தண்ணீர் மேலாகப் பார்த்தால் ஒரு அடிதான் இருக்கும். அதன் இழுப்பு எதிர்த்துத் துடுப்பு போட விடாது. விழுந்தவரை அடிவாரத்தில் சுழல் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துப் போடும். பங்குனிக்கு மேல் தண்ணீர் வடிந்து, கருவேல மரத்தின் வெட்டிய அடிக்கட்டைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும். அவைதான் பரிசலின் அடித்துணியைக் கிழிக்கிறவை. வெயிலும் அப்போது நம் ஊரில் சொல்லி மாளாது.

ஏரியை முடிவு செய்யும் முன் ஒரு நாள் இரண்டு பேர் போய் ஆழம் அளந்து வாருங்கள். நீளமான மூங்கிலில் அரை அடிக்கு ஒரு கோடு, 20 அடிக்கு ஒரு குத்து. முக்கியமாகத் தேட வேண்டியது சவுடு மண் அள்ளிய பள்ளங்கள். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கிறவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்துக்குப் போவது அங்கேதான். பள்ளத்தின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். மதகிலிருந்து 50 மீட்டருக்குள் எந்தப் படகும் வரக் கூடாது. பாசனத்துக்குத் திறந்திருந்தால் உள்ளிழுப்பு மேலே தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் மூடி வைக்க முடியுமா என்று மதகு பார்க்கிறவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பயிருக்குத் தண்ணீர் பாய்கிற முறை நாளென்றால் நீங்கள்தான் நாளை மாற்ற வேண்டும்.

வேலூர்க் கோட்டை அகழியில் நடத்தினால் என்ன? ஊர் நடுவிலேயே இருக்கிறதே.
— கல்லூரி மாணவி, காட்பாடி

வேண்டாம். கோட்டையும் அகழியும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, அவர்கள் அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாது. அனுமதி கிடைத்தாலும் ஒருபுறம் செங்குத்தான கருங்கல் சுவர். அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்தவர் கை வைத்து ஏற ஒரு பிடி கிடையாது. விழுந்தவர் நடந்து கரையேறக்கூடிய சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தக் கூடல் நடக்க வேண்டும்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
— இளைஞர் மன்றத்தார், குடியாத்தம்

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அங்கேயும் ஒரு மனு கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் காவல் நிலையம். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஏரியின் எந்தப் பக்கம் வண்டி வர வழி இருக்கிறது என்று வரைபடமே வரைந்து சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் 108 வண்டி கரையின் தவறான பக்கம் வந்து நிற்பது வழக்கமாக நடக்கிற கூத்து.

தாளில் இல்லாத அனுமதி இரண்டு உண்டு. ஒன்று ஆயக்கட்டு விவசாயிகள், மற்றொன்று மீன்பிடிப்பவர்கள். ஏரி மீன் குத்தகைக்குப் போயிருந்தால் வலை எங்கே கட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நைலான் செவுள் வலையில் கயாக் துடுப்பு சிக்கினால் வலையும் போகும், ஆளும் கவிழ்வார். குத்தகைக்காரரிடம் பத்து நாள் முன்னதாகவே பேசி, அன்று காலை வலையை எடுத்துவிடச் சொல்லி, அவருக்கு ஒரு நாள் மீன் நஷ்டத்தைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. மீட்புப் படகுக்கும் அவர் ஆட்களையே கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரியின் அடிமண் அவர்கள் காலுக்குப் பழக்கம்.

பரிசலில் ஏறித் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றுகிறது. ஒகேனக்கல்லில் மட்டும் எப்படி நேராகப் போகிறார்கள்?
— வாசகர், ஆற்காடு

பரிசலுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது, அடியில் நேராகப் பிடித்து வைக்கிற கட்டையும் கிடையாது. படகில் போடுகிற மாதிரி பக்கவாட்டில் துடுப்பை வலித்தால், வலித்த பக்கம் மட்டும் முன்னால் போக, பரிசல் மறுபக்கமாகச் சுற்றிவிடும். தண்ணீரைப் பின்னால் தள்ளுவதை மறந்துவிடுங்கள். போகிற திசையைப் பார்த்து விளிம்பை ஒட்டி மண்டியிட்டு உட்காருங்கள். துடுப்பை நெஞ்சுக்கு நேரே கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டி, இலை முழுக்க முங்கும்படி நட்டுக்குத்தலாக இறக்குங்கள். இறக்கிய இடத்துக்குப் பரிசலை இழுத்துக்கொண்டு போவதாக நினைத்து உங்களை நோக்கி இழுங்கள். விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது இலையைத் திருப்பி, தண்ணீரிலிருந்து எடுக்காமலே கத்தி போலச் சீவி முன்னால் கொண்டுபோய் மறுபடி இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு சற்று இடமிருந்து, அடுத்தது சற்று வலமிருந்து. மேலிருந்து பார்த்தால் துடுப்பின் நுனி தண்ணீரில் 8 போடும். சுற்றல் தொடங்கினால் அது சுற்றுகிற பக்கத்துக்கு எதிரே ஒரு இழுப்பைக் கூட்டிப் போடுங்கள். பதறி வேகத்தைக் கூட்டினால் சுற்றும் கூடும்.

பாரம் வைக்கிற இடமும் முக்கியம். துடுப்புக்காரர் முன் விளிம்பில் இருப்பதால், மற்றவர்கள் நடுவிலிருந்து சற்றுப் பின்னால், கால் நீட்டி, அடியில் உட்கார வேண்டும். விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது. 2 மீட்டர் குறுக்களவுள்ள பரிசலில் துடுப்புக்காரரோடு 4 பேர், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். பரிசல் லேசில் கவிழாது. அதற்கு வருகிற ஆபத்து தண்ணீர் ஏறி முங்குவதுதான், அதுவும் செல்ஃபிக்காக நால்வரும் ஒரே பக்கம் சாயும்போது. ஒரு பரிசலுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை, கயிறு கட்டி, தண்ணீர் இறைக்க இருக்கட்டும்.

பரிசலையும் கயாக்கையும் ஒரே வரிசையில் அனுப்பாதீர்கள். புதியவர் கையில் பரிசல் மணிக்கு 2 கிலோமீட்டர் போனால் பெரிது. கயாக் 4, 5 போகும். கால் மணி நேரத்தில் கூட்டம் அரை கிலோமீட்டருக்குச் சிதறி, மீட்புப் படகு யார் பின்னால் போவது என்று தெரியாமல் நிற்கும். பரிசலுக்குக் கரையோரமாக ஒரு வட்டம், கயாக்குக்கு வெளிப்புறமாக ஒரு வட்டம் என்று கொடிக்கம்பு நட்டுப் பிரித்துவிடுங்கள். புறப்படும்போது காற்று முகத்தில் அடிக்க வேண்டும். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். தை மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்குக் கரையில் இறங்குதுறை அமைந்தால் வசதி.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? வாடகைக்கு வாங்கும்போது எதைப் பார்ப்பது?
— உடற்கல்வி ஆசிரியர், ஆம்பூர்

கட்டாயம். கிணற்றில் குதித்து வளர்ந்தவருக்கும் விழும்போது துடுப்பு நெற்றியில் பட்டால் நீச்சல் உதவாது. இன்னொன்று, ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் பத்துப் பேர் கேட்பார்கள்.

வாடகை ஜாக்கெட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கிற நுரை அமுங்கி உடனே எழும்ப வேண்டும். அப்பளம் மாதிரி நொறுங்கினாலோ, அமுங்கின இடம் குழியாகவே நின்றாலோ அது வேலைக்காகாது. கொக்கிகள் மூன்றும் பூட்டுகின்றனவா, தையல் விட்டிருக்கிறதா பாருங்கள். ஒன்றை எடுத்து அரை மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வைத்து எடுத்தால், தண்ணீர் குடித்துக் கனக்கிறதா என்பது தெரிந்துவிடும். போட்டவுடன் பின்னாலிருந்து ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தளர்வு, வார்களை இழுத்துக் கட்டுங்கள். குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியே வரும் வார் உள்ளதுதான் வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்க, பிள்ளை கீழே நழுவிவிடும். பெரியவர் ஜாக்கெட்டைச் சுருக்கிக் கட்டி ஒப்பேற்ற வேண்டாம்.

விழுந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கவிழ்ந்த பரிசலையோ கயாக்கையோ பிடித்துக்கொண்டு அங்கேயே இருப்பது. கரையை நோக்கி நீந்தத் தொடங்கினால் தேடுகிறவர் கண்ணுக்குத் தலை மட்டும்தான் தெரியும். கரையில் 50 மீட்டருக்கு ஓர் ஆள், கையில் 20 மீட்டர் மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு, நுனியில் 5 லிட்டர் காலி கேன். கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால்தான் எறியும்போது காற்றில் திரும்பாமல் போகும். விழுந்தவர் தலையைத் தாண்டி எறிந்து, பிறகு அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும். எட்டுப் படகுக்கு ஒரு மீட்புப் படகு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் கரைக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி இறங்கக் கூடாது.

புடவையில் வரலாமா?
— மகளிர் குழுவினர், சோளிங்கர்

கரைக்கு வரலாம், படகில் ஏற வேண்டாம். ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். ஆண்களின் வேட்டி, லுங்கிக்கும் இதேதான். சுடிதார் போதும், துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடுங்கள்.

மேளத்துக்கு ஏற்பத் துடுப்புப் போடலாம் என்று கரையில் பறையை நிறுத்திப் பார்த்தோம். முன்னால் போனவர்கள் ஒரு தாளத்திலும் பின்னால் வந்தவர்கள் ஒரு தாளத்திலும் போட்டார்கள். மேளக்காரர் சரியாகத்தான் அடித்தார். எங்கே தப்பு?
— கலைக்குழு ஒருங்கிணைப்பாளர், அரக்கோணம்

தப்பு யாருடையதும் இல்லை, தூரத்தினுடையது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். கரையிலிருந்து 100 மீட்டரில் இருக்கிற படகுக்கு அடி 0.3 நொடி தாமதமாகச் சேரும், 200 மீட்டரில் இருப்பதற்கு 0.6 நொடி. நிமிடத்துக்கு 40 துடுப்பு என்ற நிதானமான நடையில் ஒரு துடுப்புக்கு 1.5 நொடி. அதில் 0.6 போனால் கிட்டத்தட்டப் பாதித் தாளம் போய்விட்டது. கரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தூரத்துப் படகு எதிர்த்தாளத்தில் போவதாகத் தெரியும். அவர் சரி செய்கிறேன் என்று வேகத்தை மாற்றினால் எல்லாமே கலையும்.

வழி இரண்டு. ஒன்று, மேளத்தைப் படகுக் கூட்டத்தின் நடுவில் வைத்து, எந்தப் படகும் 30 மீட்டருக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்வது. அப்போது தாமதம் பத்தில் ஒரு நொடிக்குள் அடங்கும், கை அதைப் பொருட்படுத்தாது. இரண்டு, ஒலியை விட்டுக் கண்ணை நம்புவது. மேளக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு முழ மூங்கிலில் மஞ்சள் துணி கட்டி, அடிக்கு ஒருமுறை தாழ்த்தட்டும். துடுப்பு போடுகிறவர் கொடியைப் பார்த்துப் போட வேண்டும், மேளத்தைக் கேட்டு அல்ல. மேளம் உற்சாகத்துக்கு, கொடி தாளத்துக்கு.

நடை எது என்பதிலும் கவனம் வேண்டும். சாமி ஊர்வலத்துக்கு வாசிக்கிற வேகத்தில் பம்பை போனால் பத்தாவது நிமிடத்தில் தோள் இறங்கிவிடும். பரிசலுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 35 இழுப்பு, கயாக்குக்கு 45 வரை. மேளக்காரர் நாலடிக்கு ஒரு அழுத்தம் கொடுத்து, அந்த அழுத்தத்தில் மட்டும் துடுப்பு விழுந்தால், விரல் வேலைக்கு நடுவில் அவருக்கும் இடம் இருக்கும். பாட்டுக்கு ஏலேலோ போதும். ஒருவர் அடி எடுக்க, மற்றவர் ஏலேலோ சொல்லும் இடத்தில் துடுப்பு இறங்க வேண்டும். வாய் திறந்து பாடினால் மூச்சும் சீராகும். நம் பக்கத்தில் ஏற்றப் பாட்டு தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால் விடாதீர்கள். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது எத்தனை சால் (தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம்) இறைத்தோம் என்று எண்ணுவதற்காகவே கட்டின பாட்டு அது, ஒவ்வொரு அடியிலும் எண் வரும். துடுப்பு எண்ணுவதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏரிக்கரையில் சாயங்காலம் ஆனதும் பறை தொப்பென்று ஆகிவிடுகிறது. பிளாஸ்டிக் தோல் போட்டுவிடலாமா?
— வாசகர், பேர்ணாம்பட்டு

தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்வதால் வருவது இது. தண்ணீரோரத்தில் வெயில் தாழ்ந்ததும் ஈரம் ஏறும், அரை மணி நேரத்திலேயே சத்தம் இறங்கும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவதுதான் முறை. கொழுந்துவிட்டு எரியும்போது காட்டக் கூடாது, அடங்கி வருகிற தீயில், ஒரு முழத்துக்கு மேலே பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து நடுவுக்கு வாருங்கள். நடு மட்டும் சூடேறினால் அங்கே தோல் சுருங்கி விளிம்பில் கிழியும். விரலால் தட்டிப் பார்த்து, ‘தொம்’ என்பது ‘டண்’ என்று மாறின உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் காய்ச்சினால் அப்போதைக்குச் சத்தம் ஏறும், அடுத்த அடியில் பிளந்துவிடும். இரண்டு செட் பறை வைத்துக்கொண்டு ஒன்று அடிக்கும்போது மற்றது காய வேண்டும். மேடையிலிருந்து பத்தடி தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு பழைய இரும்புச் சட்டியில் தீ, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். காய்ந்த கோரை இருக்கிற கரையில் தரையில் நெருப்பு போடாதீர்கள்.

படகில் ஏறுகிற மேளத்துக்குக் காய்ச்ச வழி இல்லை என்பதால், அதற்கு மட்டும் செயற்கைத் தோல் போட்ட வாத்தியத்தைக் கொண்டுபோவதில் தப்பில்லை. ஒலி கொஞ்சம் தகரமாக இருக்கும், நனைந்தாலும் கவலையில்லை. கரையில் வாசிப்பது தோலாகவே இருக்கட்டும்.

பறை சாவுக்கு அடிப்பது, நல்ல காரியத்துக்கு வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், ஆற்காடு அருகே

ஐந்திணைக்கும் தனித்தனிப் பறை வகுத்த மரபு நம்முடையது. வயல் சூழ்ந்த மருதத்துக்கு நெல்லரிகிணை, கடல் சார்ந்த நெய்தலுக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப் பம்பையும். நாவாய் என்றால் கப்பல். படகுக்கும் பம்பைக்கும் உறவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அறுவடைக்கும் மீன்வேட்டைக்கும் முழங்கினதைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது வாத்தியத்தின் குணம் அல்ல, வாசித்தவர்களை ஊர் வைத்திருந்த இடம். பெரியவர்களிடம் வாதாடுவதைவிட நாம் நடந்துகொள்வதில் காட்டலாம். மேளக்காரர்களை வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து அழையுங்கள். கூலி இவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கும் பந்தலில் அதே இலை, அதே வரிசையில் சாப்பாடு. இதைச் செய்ய மனமில்லாத ஊரில் அந்த மேளத்தை மட்டும் அழைப்பது நியாயமில்லை.

கலைஞர்களை ஏரி நடுவில் மிதக்கும் மேடையில் உட்கார வைக்க ஆசை. தெப்பல் மாதிரி டிரம் கட்டிச் செய்யலாமா? எத்தனை டிரம்?
— கோயில் விழாக் குழுவினர், கே.வி.குப்பம்

செய்யலாம். தெப்பல் கட்டுகிற ஆள் உங்கள் ஊரிலேயே இருந்தால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். 200 லிட்டர் நீல டிரம் ஒன்று முழுக்க முங்கினால் தன் எடை போக சுமார் 190 கிலோ தாங்கும். முழுக்க முங்கவிடக் கூடாது, பாதி முங்கினால் போதும் என்று வையுங்கள், 95 கிலோ. 10 டிரம்முக்கு 950 கிலோ. 15 அடி நீளம், 10 அடி அகலத்தில் சவுக்குக் கழியும் பலகையும் நனைந்த பிறகு 350 கிலோ வரை வரும். ஆறு கலைஞர்கள் 420, வாத்தியம் 30. மொத்தம் 800. கணக்குச் சரி, 150 கிலோ மிச்சமும் இருக்கிறது. அந்த மிச்சத்தில் இன்னும் இரண்டு பேரை ஏற்றலாமே என்று நாட்டாமை சொல்வார், கேட்காதீர்கள். அது அலைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள பங்கு.

டிரம்களை நடுவில் போடாமல் இரண்டு நீளப் பக்கத்து ஓரங்களில், ஓரத்துக்கு 5 வீதம், படுக்கை வசத்தில் வரிசையாகக் கட்ட வேண்டும். நடுவில் போட்டால் ஓரத்தில் ஒருவர் எழுந்தாலே மேடை சாயும். ஓரத்தில் போட்டிருக்கும்போது ஆறு பேரும் ஒரே பக்கம் வந்துவிட்டாலும் அந்த வரிசை மூன்றில் இரண்டு பங்கு வரைதான் முங்கும். பயமாக இருக்கும், கவிழாது. டிரம்மின் மூடிக்கு ரப்பர் வாஷர் போட்டு இறுக்கி, முந்தின இரவு தண்ணீரில் மிதக்கவிட்டுக் காலையில் குலுக்கிப் பாருங்கள். சளசள என்றால் அதை ஒதுக்குங்கள். கட்டுவதற்கு நைலான் கயிறு நனைந்தால் நீளும், முதல் நாள் கட்டி நனைத்து மறுநாள் இறுக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய டிரம் வாங்கினால் உள்ளே என்ன வந்தது என்று கேட்டே வாங்குங்கள். தோல் பதனிடும் ரசாயனம் வந்ததாக இருந்தால் கழுவின தண்ணீரும் ஏரிக்கு ஆகாது, அதை ஏரியில் இறக்கவே வேண்டாம்.

நங்கூரம் எதிரெதிர் மூலையில் இரண்டு. ஒன்று மட்டும் போட்டால் மேடை காற்றுக்குச் சுற்றி, கலைஞர் முதுகைத்தான் கரை பார்க்கும். 50 கிலோ மணல் மூட்டை தண்ணீருக்குள் 30 கிலோ அளவுக்குத்தான் கனக்கும் என்பதால் மூலைக்கு இரண்டு மூட்டை. கயிறு ஆழத்தைப் போல் நான்கு மடங்கு, 3 மீட்டர் ஆழத்துக்கு 12 மீட்டர். குட்டையாக விட்டால் ஒவ்வொரு அலையிலும் மூட்டை எழும்பி நகரும். மேடையில் எல்லோரும் உட்கார்ந்தே வாசிக்க வேண்டும். பம்பையை இடுப்பில் கட்டி ஆடி வாசிப்பதுதான் அழகு, அதைக் கரைக்கு வைத்துக்கொள்ளலாம். வாத்தியத்தின் வாரை உடம்பில் மாட்டக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ளட்டும். கலைஞர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு. வேஷம் கட்டிய கூத்துக்காரரை, கிரீடம், புஜகீர்த்தியோடு, எந்தக் காரணத்துக்கும் தண்ணீருக்கு ஏற்றாதீர்கள்.

மைக் செட், ஜெனரேட்டர் எவ்வளவு வேண்டும்?
— ஒலிபெருக்கி நிலையத்தார், திருப்பத்தூர்

தொழிலுக்கு எதிராகச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பைக்கும் பறைக்கும் ஸ்பீக்கரே வேண்டாம். பகலில் தரை சூடாகி ஒலி மேல் நோக்கி வளையும். சாயங்காலம் தண்ணீர்மேல் காற்று குளிர்ந்து அதன் மேல் சூடான காற்று நிற்பதால், ஒலி திரும்பக் கீழே வளைந்து எதிர்க்கரை ஊர்வரை ஓடும். முகவீணை என்கிற குழலும் ஆர்மோனியமும் உள்ள தெருக்கூத்துக்கும் அறிவிப்புக்கும் ஒரு மைக், இரண்டு சிறிய பெட்டி, அதுவும் ஏரிக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து. ஏரியைப் பார்த்து வைத்தால் மறுகரையிலிருந்து புகார் வரும், நீர்க்கோழிகளும் கூட்டை விட்டு எழும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் அளவு, இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியக் கூத்து என்பது இங்கே நடக்காது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு பகுதியை வாத்தியாரிடமே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும் எங்கே வெட்டுவது என்று.

பந்தல் கால் நட ஏரிக்கரையில் குழி தோண்டலாமா?
— பந்தல் தொழிலாளி, வாணியம்பாடி

கூடவே கூடாது. கரையில் தோண்டின குழியைத் திரும்ப மூடினாலும் மண் இறுகாது, அடுத்த மழையில் ஊற்றுக் கசிவு அங்கே தொடங்கும். பந்தல் காலை மணல் நிரப்பிய டிரம்மில் நிறுத்திக் கட்டுங்கள். உட்சரிவில் பதித்த கல்லின்மேல் ஆட்களை உட்கார வைக்காதீர்கள், கல் பெயரும். பந்தலையே கரைக்கு வெளிப்புறம் சமதரையில் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

அறுபது பேர் இறங்கி ஏறுகிறார்கள். எல்லோரும் திரும்பினார்களா என்று எப்படி உறுதி செய்வது?
— ஒருங்கிணைப்பாளர், காட்பாடி

வாட்ஸ்அப் குழுவில் கேட்பது எண்ணிக்கை ஆகாது. ஒரு பலகையில் 60 ஆணி, ஒவ்வொன்றின் கீழும் எண். அதே எண் எழுதின தகர வில்லை ஆணியில் தொங்கும். தண்ணீருக்குப் போகிறவர் தன் வில்லையைத் தானே எடுத்து ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், திரும்பியதும் தானே மாட்ட வேண்டும். நண்பனுக்காக எடுப்பது, மாட்டுவது இரண்டும் கூடாது, குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. வெறும் ஆணி தெரிந்தால் ஓர் ஆள் இன்னும் ஏரியில். பலகைக்கு ஒருவர், அவருக்கு வேறு வேலை இல்லை, சாப்பாட்டுக்குக்கூட மாற்று ஆள் வந்த பிறகுதான் எழ வேண்டும்.

ஜனவரி நடுவில் ஆறு மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும், ஐந்தேகாலுக்குக் கடைசிப் படகு கரை சேர வேண்டும். காலையில் பனிமூட்டம் இருந்தால் எதிர்க்கரை மரம் தெளிவாகத் தெரியும்வரை இறங்காதீர்கள்.

சாப்பாடு?
— பலர்

துடுப்புக்கு முன் கேழ்வரகுக் கூழும் மோரும், பிறகு பிரியாணி. வரிசையை மாற்றினால் முதல் வட்டத்திலேயே பாதிப் பேர் படகில் படுத்துவிடுவார்கள்.

முடிந்த பிறகு படகுகளை அப்படியே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகலாமா?
— வாடகைப் படகுக்காரர், ஏலகிரி

ஆகாயத்தாமரையின் ஒரு துண்டுத் தண்டு போதும், சில மாதத்தில் அடுத்த ஏரியை மூடிவிடும். பரிசலைக் கவிழ்த்து மூங்கில் பின்னலுக்குள் சிக்கின செடியை விரலால் எடுங்கள், கயாக்கின் அடைப்பைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயப் போடுங்கள். கழுவுவது அந்த ஏரிக் கரையிலேயே நடக்கட்டும், லாரியில் ஏற்றின பிறகு அல்ல. எடுத்த செடியைத் தண்ணீருக்குத் தூரமாகக் கொட்டிக் காயவிட்டால் நாலு நாளில் மாட்டுக் கொட்டகைக் குப்பையோடு சேர்த்துவிடலாம்.